நாளைய கட்டங்கள்

சிறை மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அவர் எழுந்துவிடுவார். எழுந்ததும் போர்வையை நான்காக மடிப்பார். விளிம்போடு விளிம்பு சேரவில்லை என்றால் உதறிவிட்டு மறுபடி மடிப்பார். பிறகு வெறும் சிமெண்டுத் தரையில், சுவரில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தான் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்.

எதிர்ச் சுவரோரம் படுத்திருக்கும் பூட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பான்.

"செத்தாச்சா அண்ணே?"

அவர் அசையமாட்டார்.

"செத்தாச்சுன்னா சொல்லுங்க. உங்க பங்கு ரொட்டியை நான் எடுத்துக்கறேன்."

பூட்டு என்பது அவன் தொழில் தந்த பெயர். உலகத்தில் எந்தப் பூட்டையும் ஒரு கம்பித் துண்டால் திறப்பேன் என்று சொல்லிக்கொள்வான். அப்படியானால் இந்த அறைக் கதவைத் திறக்க வேண்டியதுதானே என்று யாராவது கேட்டால், "அது அரசாங்கச் சொத்துங்க, தொடக்கூடாது" என்பான்.

அவருக்கு மற்ற கைதிகள் வைத்த பெயர் சாமுராய். கேலியாக வைத்தது. அவர் அதை மறுக்கவும் இல்லை, அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வெளியே முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, வேலைக்குப் போன இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத பழக்கம். அவருடைய அப்பா போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். காலையில் ஆபீஸ் திறந்ததும் முத்திரைக் கட்டையில் தேதியைத் தன் கையாலேயே மாற்றி, வெள்ளைத் தாளில் ஒரு குத்துக் குத்திப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்றால் தெருவில் பேச்சைக் குறைத்துக்கொண்டு வழிவிடுவார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் சிறைக்குப் போவான் என்று பகையாளிகூட நினைத்ததில்லை.

சிறையில் அவருக்குப் பைண்டிங் கொட்டகையில் வேலை. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய பதிவேடுகளைப் பிரித்து, தையல் போட்டு, பசை தடவி, அட்டை ஏற்ற வேண்டும். முதல் வருடக் கடைசியில் சிறை நூலகத்திலிருந்து ஒரு சாக்கு நிறையக் கிழிந்த புத்தகங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்கு முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. முதல் பதினாறு பக்கங்களைக் காணோம். பெயர் என்ன, எழுதியது யார், ஒன்றும் தெரியாது. உள்ளே முழுக்க அந்தக் காலத்து ஜப்பானிய வாள்வீரர்களைப் பற்றி இருந்தது. பசை காய்கிற நேரத்தில் புரட்ட ஆரம்பித்தவர், மூன்று நாளில் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

எஜமானைப் பறிகொடுத்து, வீட்டைப் பறிகொடுத்து, ஊர் ஊராக அலைகிற வீரன்கூட இடுப்பு வாளை தினமும் உருவித் துடைத்து எண்ணெய் பூசுவானாம். ஒரு வருடம் அதற்கு வேலையே வராவிட்டாலும் பூசுவானாம். காலையில் எழுந்ததும் தன் சாவை ஒரு முறை மனத்துக்குள் முடித்துக்கொள்வானாம். அதற்குப் பிறகு அவனை எதைக் காட்டி மிரட்ட முடியும்? படித்துவிட்டு அவர் கொட்டகையின் தகரக் கூரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிறை வாசலில் சட்டையைக் கழற்றச் சொன்ன நாளில் கூனிப்போன தோள் அன்றைக்குத்தான் நிமிர்ந்தது.

வயிற்றைக் கிழித்துக்கொள்வதைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிட்டார். காட்டுமிராண்டித்தனம் என்று தோன்றியது.

"நிஜமாவே கிழிச்சுக்குவாங்களா அண்ணே?" என்று பூட்டு கேட்டான்.

"மானம் போச்சுன்னா."

"அது சரி. இங்க ஸ்பூன் வாங்கறதுக்கே கையெழுத்துப் போடணும். நமக்கு அந்த வசதி இல்ல."

பைண்டிங்கில் கழிவு விழுந்த அட்டை ஒன்றை எடுத்து அவர் கட்டம் போட்டார். மேலே அந்த மாதத்துத் தேதிகள், பக்கவாட்டில் ஏழு விதிகள். மணிக்கு முன் எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, சாயாமல் உட்காருவது, எதைப் பற்றியும் குறை சொல்லாமல் இருப்பது, கொடுத்த வேலையை யாரும் பார்க்காத பக்கத்திலும் சுத்தமாகச் செய்வது, கோபத்தில் வாய் திறக்காமல் இருப்பது, சாவை நினைப்பது. மாலையில் ஆள் எண்ணிக்கை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டமாக டிக் போடுவார். ஒரு முறை பக்கத்து அறைக்காரன் ஒருவன் அவருடைய போர்வை மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரித்தான். அவர் எழுந்து ஈரப் போர்வையைப் பிழிந்து, நான்காக மடித்து, விளிம்பைச் சரி பார்த்து வைத்தார். சிரித்தவன் பிறகு எதனாலோ அவர் பக்கமே வருவதில்லை.

இப்படி ஒன்றரை வருடம். விஷயம் ஜெயிலர் காதுக்குப் போனது. அவர் ஒரு நாள் வந்து அட்டையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்ல. கமிட்டி உட்காரும்போது இதைக் கொண்டு வாங்க. அவங்களும் பார்க்கட்டும்."

கமிட்டி என்பது நன்னடத்தைக் கைதிகளை முன்னதாக விடுதலை செய்யலாமா என்று பார்க்கிற மூன்று பேர். அவர்கள் உட்காரும் தேதியை முதலில் சொன்னது சாமுராயின் அண்ணன்தான். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு முறை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்.

"வர்ற வியாழக்கிழமை. ஏழு மாசம் கழிச்சுடுவாங்களாம். கல்யாணத்தன்னைக்கு உன் பொண்ணு பக்கத்துல நீ நிக்கலாம்."

"மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் சொல்லலையா அண்ணா?"

"என்ன சொல்வாங்க? தீர்ப்பு நகலையே கையில குடுத்துட்டேன். படிச்சுப் பாருங்க, அளவுக்கு மேல பாரம் ஏத்துனவன் அந்த லிஃப்ட் ஆபரேட்டர், என் தம்பி பண்ணது ஒரு மாசச் சோதனையைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்னு சொன்னேன். கோர்ட்டே சொல்லியாச்சு. அப்புறம் எவன் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவான்?"

அண்ணன் வலை வழியாக அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிமிர்ந்து உக்காந்திருக்கே. அப்பாவைப் பார்த்த மாதிரியே இருக்குடா."

அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அதுதான் முதல் தடவை. அறைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை மாலை உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. எலும்புக்குள் குளிர் ஏறியது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய கட்டங்களுக்கு டிக் போட்டார். அதன் பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை.

அவர் கண் விழித்தபோது செவ்வாய் மத்தியானம். பூட்டு அவர் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க எந்திரிக்கவே இல்லையே."

"ம்."

"குளிக்கவும் இல்ல."

"காய்ச்சல்டா."

"அது தெரியுது. ஆனா டிக் இருக்கே. செவ்வாய்க்கு இருக்கு. புதனுக்கும் இருக்கு." விரலை நகர்த்தினான். "வியாழனுக்கும் இருக்கு. வியாழக்கிழமை காலையில செத்துட்டீங்கன்னு திங்கக்கிழமையே போட்டாச்சா? என்ன அண்ணே இது! நான்கூடப் பூட்டைத் திறந்த பிறகுதான் திறந்தேன்னு சொல்லுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் வேண்டுமென்று குத்தவில்லை. சிரிக்க ஒன்று கிடைத்தது, சிரித்தான்.

அவர் கையை நீட்டி அட்டையை வாங்கிப் பார்த்தார். திங்கள் முதல் வியாழன் வரை இருபத்தெட்டு டிக். ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே வேகம். எப்போது போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. கமிட்டி பார்க்கும்போது நடுவில் வெள்ளைக் கட்டம் இருக்கக் கூடாது என்று கை தானாகப் போட்டிருக்கிறது. முப்பத்தொரு வருடம் பழகிய கை.

அந்தச் சாய்வை அவர் வேறு ஓர் அட்டையில் பார்த்திருக்கிறார்.

தரை ஓடுகள் அடுக்கிவைக்கிற நான்கு மாடிக் கிடங்கு அது. சரக்கு லிஃப்டின் மோட்டார் அறை மொட்டை மாடிக்கும் மேலே. அதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. ஒவ்வொரு மாதமும் ஏறி, பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற கவ்வி வேலை செய்கிறதா என்று பார்த்து, அங்கே தொங்குகிற அட்டையில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்கு முட்டி வலி. தொழிலில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தடவை ஏறி, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டு இறங்கினார்.

ஆகஸ்டில் ஆபரேட்டர் போன் செய்தான். ஒரு கால் குட்டையானவன், லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான்.

"சார், மாடியில நிறுத்துனா ஒரு விரக்கடை கீழ இறங்கி நிக்குது."

"பாரம் ஜாஸ்தியா ஏத்தியிருப்பே. அடுத்த வாரம் பாக்கறேன்."

நான்கு நாள் கழித்து மறுபடி செய்தான். "சார், இப்ப ரெண்டு விரக்கடை."

"சொன்னேன்ல, வரேன்னு!"

மூன்றாம் நாள் லிஃப்ட் நான்காவது மாடியிலிருந்து விழுந்தது. உள்ளே தரை ஓடுகள் நிரம்பிய பெட்டிகளும் அவனும் மட்டும். செய்தி கேட்டு அவர் ஓடினார். கீழே பள்ளத்தில் ஆள்கள் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தபோது, அவர் யாரும் பார்க்காமல் மேலே ஏறினார். அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை. டிசம்பர் வரை டிக் போட்டிருந்த அட்டையைக் கிழித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, புது அட்டையில் ஜூலை வரை மட்டும், இரண்டு பேனாவை மாற்றி மாற்றி எழுதித் தொங்கவிட்டார்.

பெட்டிகள் நொறுங்கிக் கிடந்தன. எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. கோர்ட்டில் அவர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று சொன்னார்: "அந்த ஆள் எப்பவும் அளவுக்கு மேல ஏத்துவான். நான் பல தடவை கண்டிச்சிருக்கேன்." அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கத்தினாள். "உங்களுக்கு அவர் போன் பண்ணாரு! என் எதிர்லதான் பண்ணாரு!" செத்தவனின் மனைவி. கூடுதல் பாரம் ஏற்றலாமா என்று கேட்கத்தான் அவன் போன் செய்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அவளை உட்காரச் சொன்னார்கள்.

புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. தலைமாட்டிலிருந்த புத்தகத்தை எடுத்து, இரண்டு பக்கத்தோடு விட்ட அத்தியாயத்தைப் படித்தார். வயிற்றுக்குள்தான் மனிதனின் நிஜம் இருக்கிறது என்று அந்த வீரர்கள் நம்பினார்களாம். உள்ளே மறைத்தது ஒன்றுமில்லை, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டத்தான் அந்த வெட்டு.

அவர் புத்தகத்தை மூடினார். ஒன்றரை வருடமாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தது உறைக்கு. உள்ளே வாள் இருக்கிறதா என்று ஒரு தடவைகூட உருவிப் பார்க்கவில்லை.

மகளை நினைத்தார். சின்ன வயதில் எந்த லிஃப்டானாலும் அவர் முதலில் கதவில் கை வைத்தால்தான் உள்ளே வருவாள். எங்கப்பா தொட்ட லிஃப்ட் விழாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாயை மூடிக்கொண்டு நாளைக்கு ஒரு பத்து நிமிடம் அந்த அறையில் நின்றால் போதும். ஏழு மாதம் கழியும். மகள் பக்கத்தில் நிற்கலாம். இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு நகல் செல்லாக் காகிதம், அதோடு அந்தக் கல்யாணமும். அன்று முழுக்க அவர் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். பூட்டு கவனித்தான், கேலி செய்யவில்லை.

வியாழக்கிழமை அவர் மணி அடித்த பிறகுதான் எழுந்தார்.

கமிட்டி அறையில் நீள மேசை. நடுவில் வயதான நீதிபதி, ஒரு பக்கம் சிறைக் கண்காணிப்பாளர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட நலத்துறை அம்மாள். ஜெயிலர் பெருமையோடு அட்டையை மேசை மேல் வைத்தார். நீதிபதி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நாள்கூட விடலையே."

"அதுல மூணு நாள் பொய்ங்க ஐயா," என்றார் அவர். "நான் படுத்துக் கிடந்தேன். முன்னாடியே போட்டுட்டேன்."

நீதிபதி சிரித்தார். "இதைச் சொல்றதுக்கே உங்களை விடணும்."

"இன்னொரு அட்டையும் அப்படித்தாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரி, ஏணி, ஒரு விரக்கடை, இரண்டு விரக்கடை, சட்டைக்குள் போட்ட அட்டை, இரண்டு பேனா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜெயிலரின் முகம் வெளிறியது. நலத்துறை அம்மாள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"யோசிச்சுத்தான் பேசறீங்களா?" நீதிபதி கேட்டார். "இது நீங்க வீட்டுக்குப் போற ஃபைல். நான் இப்ப காதுல வாங்கினதை வாங்கலைன்னு சொல்ல முடியாது."

"யோசிச்சேங்க ஐயா."

"பொய் சாட்சிக்குத் தனியா ஒரு வழக்கு வரும்."

"வரட்டுங்க."

வெளியே வந்தபோது நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நினைத்தார். முடியவில்லை. காவலரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பத்து நாள் கழித்து அண்ணன் வந்தார். உட்காரவில்லை. சட்டை கசங்கியிருந்தது.

"உனக்கு என்னடா கேடு? யார் கேட்டாங்க உன்னை?"

"யாரும் கேக்கல அண்ணா."

"அப்பா பேரை நாய் வாயில போட்டுட்டே. இந்த வீட்டுல பொய்ச் சத்தியம் பண்ணவன் இருந்தான்னு ஊரே பேசுது."

"இருந்தான். அதான் சொன்னேன். அப்பா ஒரு நாளும் நாளைய தேதியை இன்னைக்குக் குத்துனதில்ல."

"அப்பா செத்துட்டாரு!" அண்ணன் வலையில் கையால் அறைந்தார். "பொண்ணு உயிரோட இருக்கா! அவங்க வேண்டாம்னு ஆள் அனுப்பிட்டாங்க."

அவர் வலைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்வா? கூடத்துல மாட்டியிருந்த உன் போட்டோவைக் கழட்டி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. அழக்கூட இல்ல." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே மாசாமாசம் வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதே."

போகிறவரின் முதுகை அவர் பார்த்தார். எழுபது வயதிலும் கம்பு மாதிரி இருந்த முதுகு. கதவருகில் போனதும் அது வளைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போனார். அந்த வளைவு தன் கை வேலை என்பதைத் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறையில் பூட்டு அவருக்காக ரொட்டியைத் துணியில் மூடி வைத்திருந்தான்.

"திறக்காம விட்டிருக்கலாம் அண்ணே," என்றான். "சில பூட்டு, திறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. கதவு உடைஞ்சதுதான் மிச்சம்."

அவர் ரொட்டியைப் பிட்டு அவனுக்குப் பாதியைக் கொடுத்தார்.

விசாரணை இரண்டு மாதம் கழித்து, அதே நீள மேசை அறையில் நடந்தது. சொன்னதையெல்லாம் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி போடச் சொன்னார்கள். அவர் காவலரிடம் அன்றைய தேதியை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு போட்டார். செத்தவனின் மனைவியையும் வரவழைத்திருந்தார்கள். மெலிந்திருந்தாள். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எழுத்தர் படித்ததைக் கடைசி வரி வரைக்கும் கேட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார்.

அவள் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"லிஃப்ட் கீழ இறங்குதுன்னு அவர் உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரும்மா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை," என்று அவளும் சொன்னாள். எதிரே இருந்தவரிடம் சொல்லவில்லை. பிறகு அதிகாரியிடம் திரும்பி, "தீர்ப்புல அவர் பேருக்கு எதிர்ல எழுதியிருக்கிறதை எப்ப அடிப்பீங்க?" என்று கேட்டாள். ஆறு மாதம் ஆகும் என்றார்கள். சரி என்று தலையசைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள்.

அன்று மாலை ஆள் எண்ணிக்கை எடுப்பதற்கு முன்னால் அவர் புதிதாகக் கட்டம் போட்ட ஓர் அட்டையை எடுத்தார். விதிகளை எழுதும் பக்கம் காலியாக இருந்தது. மேலே அன்றைய தேதியை மட்டும் எழுதினார். டிக் போடுவதற்கு எதுவும் தோன்றவில்லை. பேனாவை மூடிவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.